மேஸ்திரிக்கு முளைச்ச காது

எமர்ஜென்சியில பஸ்ஸெல்லாம் டயத்துக்கு ஓடுதுன்னு ரேடியோவுல சொல்றானுங்க. நம்ம திண்டிவனம் பஸ்ஸுக்கு மட்டும் யாரும் சொல்லல போல. பொட்டி மேல குந்துங்க சார். நான் தூக்கியாந்த பொட்டிதானே, தாங்கும்.

நீங்க பேச மாட்டீங்க, தெரியும். மரக்காணம் உப்பளத்துக்கு மானேஜரா வந்த ரெண்டு வருசத்துல, நீங்க எங்கிட்ட பேசனத வுட உங்க டிரான்சிஸ்டரு கத்துனதுதான் ஜாஸ்தி. இப்ப பாருங்க, எவனோ பாண்டிச்சேரி மொதலாளிக்கு மொட்டைக் கடுதாசி போட்டான், அவரு உங்கள தூத்துக்குடிக்குத் தூக்கி அடிச்சிட்டாரு. பாட்டு கேட்டதுக்கு டிரான்ஸ்பரு. எங்கியாவது உண்டா?

ஆனா தப்பு உங்க பேர்லயும் இருக்குது. சாயங்காலம் ஆனா, இன்னிக்கு இத்தினி பாத்தி வாரியாச்சு சார்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போற மேஸ்திரி நானு. "சிலுவைமுத்து, குந்து, கேளு"ன்னீங்க. மானேஜரு சொன்னா குந்தாம? மொத நாளு டிரான்சிஸ்டருல பாடுற அந்தாளு ஆ...ன்னாரு. சரி, தொண்டைய செருமுறாரு, இப்ப பாட்டு வரும்னு பாத்தேன். அர மணி நேரம் ஆ...ன்னே கெடக்குறாரு. பல்லு வலிக்காரன் கூட நடுவுல மூச்சு வுடுவான் சார். நீங்க என்னடான்னா கண்ண மூடிக்கினு அடடாங்கிறீங்க. எனக்கு பசி உயிர் போவுது.

அப்புறம் தை மாசம் பாத்திக்கு மிதி போட்டோம் இல்ல? வரிசையா நின்னு சேத்த மிதிச்சு கெட்டி பண்றது... எட்டு மிதி, ஒரு திருப்பம். அன்னிக்கு சாயங்காலம் உங்க பாட்டுக்கு என் காலு தானா மிதிக்குது. எட்டுல திரும்புது. அட, இந்தாளும் மிதிக்கிறவன்தான், தொண்டையில மிதிக்கிறான்னு தோணிச்சு. அன்னிலேர்ந்து புடிச்சுது சனியன்.

புடிச்சது அத்தோட நின்னுச்சா? காது முளைச்சிடுச்சு சார். பூசையில எம் பொண்டாட்டி சவரியம்மாதான் பாட்டு எடுத்துக் குடுப்பா. இருவது வருசமா எனக்கு வானத்துலேர்ந்து சம்மனசு பாடுற மாதிரிதான் இருந்துது. இந்த ஈஸ்டருக்குப் பாடுறா... ஆர்மோனியம் ஒரு பக்கம் போவுது, இவ ஒரு பக்கம் போறா. நான் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம். பூச முடிஞ்சு சாமியாரு நிக்கிறாரு, சபைப் பொம்பளைங்க அத்தினி பேரும் நிக்கிறாங்க, "சவரி, உனுக்கு சுருதி நிக்கல"ன்னுட்டேன்.

கிளியனூர்ல அண்ணன் வூட்டுக்குப் போனவதான். மூணு மாசமா நானே கஞ்சி காச்சிக் குடிக்கிறேன். அந்த மானேஜரும் பாட்டும் ஊர வுட்டுப் போனாத்தான் வருவேன்னு சொல்லியனுப்பிச்சா. நாளைக்கு வர்றா. எனக்கு சந்தோசமா இருக்கணும் இல்ல? நேத்துலேர்ந்து ஒரு வாய் சோறு எறங்கல சார். நாளைக்கு சாயங்காலம் நான் எங்க போயி குந்துவேன்?

தோ, பஸ்ஸு தெரியுது. சொல்லிடுறேன். அந்தக் கடுதாசி... நாந்தான் சார் எழுதனேன். எடது கையால எழுதனேன்.

...என்னது? தெரியுமா? எப்பலேர்ந்து? மொதலாளி கடுதாசிய உங்ககிட்டியே காட்டுனாரா? எடது கை எழுத்த வச்சி எப்பிடி சார்... ஓ. அதுவா. "கோடை மழையில் உப்பு நனையும்போது மானேஜர் தோடி ராகம் கேட்டுக்கொண்டிருந்தார்"னு எழுதியிருந்தேன். பொய்யில்ல, கேட்டீங்க. நானும் பக்கத்துலதானே குந்தியிருந்தேன். சும்மா பாட்டுன்னு எழுதியிருக்கணும். அளத்துல நானூறு பேரு, தோடின்னு எழுத என்ன வுட்டா எவன் இருக்கான்...

சிரிக்கிறீங்க. தெரிஞ்சும் எம்பேர சொல்லலியா நீங்க? செருப்பால அடிச்சிருக்கலாம் சார். அது எவ்வளவோ தேவல.

ஏறுங்க, ஏறுங்க. ஏம்பா, பொட்டிய பாத்து மேல போடு. சார், மனசுல வச்சிக்காதீங்க. கடுதாசி போடுங்க, பேரு போட்டே போடுங்க... என்ன சார்? ஜன்னல்லேர்ந்து சொன்னா கேக்கல, சத்தமா சொல்லுங்க. என்னது... தோடி இல்லியா? அன்னிக்கு அவரு பாடனது தோடி இல்லியா? அப்ப நான் எழுதனது...

யோவ் கண்டக்டரு, விசில் அடிக்காத. வண்டிய நிறுத்துய்யா. அது என்ன ராகம்னு சொல்லிட்டுப் போவட்டும்.