கறுப்பு மூஞ்சி, வெள்ளை மூக்கு

நோரீன்: ...இன்னும் எத்தனை வாசல்யா? இந்த மதில் மேல இது ரெண்டாவது சுத்து. முட்டி கழண்டுரும் போல இருக்கு.

வில்ஃப்: யார்க் ஊருக் கோட்டை மதிலைப் பாக்கணும்னு சொன்னது யாரு? நானா?

நோரீன்: நான் மதிலைப் பாக்குறேன். நீ தூரத்து வயலையில்ல பாத்துட்டு வர்றே?

வில்ஃப்: இதெல்லாம் ஒரு சுவரா? சாந்தை அப்பி ஒட்டியிருக்கானுவ. நம்ம ஆட்டுவேலிக்கு வெறுங்கல்லுதான் அடுக்கினேன். நாப்பது வருஷமா...

நோரீன்: பேச்சை மாத்தாத. அங்க என்ன தேடுறே?

வில்ஃப்: சும்மா... காத்து வாங்குறேன்.

நோரீன்: தூத்தல்லயா?

வில்ஃப்: ...ஆடு.

நோரீன்: என்னது?

வில்ஃப்: காரை விட்டோம்ல... பக்கத்து வயல்ல ஆடு மேஞ்சுது. கறுப்பு மூஞ்சி, வெள்ளை மூக்கு. நம்ம ஆடு மாதிரியே. அதான் அடையாளம்.

நோரீன்: அடக் கடவுளே! காரை விட்டுட்டு பஸ் ஏற, ஊரைச் சுத்தி அஞ்சாறு இடம் இருக்கு. இத்தாம் பெரிய பலகையில பேரு எழுதி வச்சிருக்கான். அதைப் படிக்காம ஆட்டு மூஞ்சியப் படிச்சியா?

வில்ஃப்: எங்கப்பன் ஆட்டை வச்சுத்தான் வழி சொல்லுவாரு.

நோரீன்: அது நம்ம மலை. இங்க மத்தியானமே வேற வயலுக்கு ஓட்டிட்டுப் போயிருப்பான்.

வில்ஃப்: ...அதைத்தான் நானும் இப்ப யோசிச்சேன்.

நோரீன்: ஜில்லுக்கு ஃபோன் போடவா?

வில்ஃப்: உள்ள வை அதை! இன்னொரு தப்பு நடந்தா கார் சாவியப் பிடுங்கிருவேன்னு சொல்லியிருக்கா உன் மக. ரொட்டி வாங்கவே ஏழு மைல் போகணும். காரு இல்லேன்னா நான் செத்தேன்.

நோரீன்: அப்ப பெரிய மாதா கோயிலை ரெண்டு தடவை பாத்தது, ஆத்துல படகுல போனது...?

வில்ஃப்: கோயில்ல யோசிச்சேன். படகுல போனா வயல் தெரியும்னு பாத்தேன்.

நோரீன்: நல்லா இருக்குய்யா. நான்கூட பொண்டாட்டி மேல திடீர்னு பாசம் பொங்கிருச்சோன்னு...

வில்ஃப்: கிண்டல் பண்ணாத. அங்க பாரு, மதில் கதவை மூட ஆள் வந்துட்டான். இருட்டப் போகுது... சரி விடு. ஜில்லையே கூப்பிடு. சாவியக் குடுத்துடறேன்.

நோரீன்: சாவி உன்கிட்டயே இருக்கட்டும். இந்தா.

வில்ஃப்: என்ன இது?

நோரீன்: பஸ் டிக்கெட்டு. ஏறின இடத்துப் பேரு மேலயே இருக்கு, பாரு.

வில்ஃப்: அடிப்பாவி! காலையிலேர்ந்து இதைப் பையில வச்சுக்கிட்டா என்னைச் சுத்த விட்டே?

நோரீன்: பலகையைப் பாக்காம ஆட்டைப் பாத்துட்டு நின்னே பாரு, அப்பவே எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷமா எங்க போனாலும், மூணு மணி ஆச்சுன்னா ஆட்டைப் பாக்கணும்னு கிளப்பிருவே. இன்னிக்குத்தான்யா இருட்டுற வரைக்கும் என்கூட இருந்தே.