“வீட்டுக்கு யார் வரணும்?” என்று கேட்டவருக்கு

முத்திரை காத்த முதுபெரும் தலைமை எழுத்தரே! மேல்முறையீட்டு மன்றத்தின் மேன்மைமிகு தீர்ப்புகளை எங்கள் கீழ்க் குற்றவியல் நீதிமன்றத்தின் ஆடும் மேசையில் முகம் சுளிக்காமல் வரவேற்றவரே! உறை பிரிக்குமுன் கண்ணாடி துடைத்து, பிரித்தபின் பெருமூச்செறியும் பெருந்தகையே! வணக்கம்.

நேற்று இப்பணிநிறைவு வாழ்த்து மடலின் முதல் படியைத் தங்கள் பார்வைக்கு வைத்தோம். அதில் ‘பிழையென்பதே அறியாப் பெம்மானே’ என்றொரு வரி இருந்தது. தாங்கள் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “அந்த அண்ணன் தம்பி விஷயத்தைப் போடுங்கய்யா. இல்லேன்னா நான் மேடைக்கு வரல. பொய்க்குச் சட்டம் போட்டு மாட்டுனா ஆணிக்கே வெக்கமா இருக்கும்” என்றீர்கள். போட்டுவிட்டோம் ஐயா.

மேலே இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்வதோடு சரி. அது படியிறங்கி வந்து சிறைக்கதவைத் திறக்கும்வரை படும் பாடு எங்கள் பாடு. சான்றிட்ட நகல் வரவேண்டும். எங்கள் பழைய கட்டோடு ஒப்பிடவேண்டும். பிறகே சிறைக்கு விடுவிப்பு ஆணை போகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்கமாட்டான் என்று ஊரார் சொல்வது எங்களைத்தான்.

கிடங்குக்குத் தீ வைத்த வழக்கு அது. எங்கள் கட்டில் கிடங்குக்காரர் முதல் எதிரி, கூலிக்கு வேலை செய்த அண்ணன் இரண்டாம் எதிரி, தம்பி மூன்றாம் எதிரி. மூவருக்கும் தண்டனை ஆனது. கிடங்குக்காரர் சிறையிலேயே செத்துப்போனார். மேல்முறையீட்டுக்குப் போனவர்கள் அண்ணனும் தம்பியும் மட்டுமே. ஆகவே மேலே அண்ணன் ஒன்று, தம்பி இரண்டு. ‘முதலாமவரின் தண்டனை உறுதி; இரண்டாமவர் குற்றமற்றவர், விடுதலை செய்க’ என்று தீர்ப்பு வந்தது. தாங்கள் மேலிருந்து எண்ணை எடுத்தீர்கள், கீழிருந்து பெயரை எடுத்தீர்கள், அழகாகக் கையொப்பமிட்டீர்கள். நீதிபதியும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிட்டார். அண்ணன் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் தம்பியின் மனைவி, துணி தேய்க்கும் தொழிலாளி, கையில் கரி வாசனையோடு தங்கள் மேசைமுன் வந்து நின்றார். “சார், வீட்டுக்கு வந்தது அவரோட அண்ணன். தீ வெச்சவரு வந்துட்டாரு. என் வீட்டுக்காரர் எங்க சார்?”

எண்ணைத் திருத்தித் தம்பியை விடலாமென்றால், மேலிட விளக்கமின்றி நீதிபதி பேனாவையே தொடமாட்டேனென்றார். விளக்கம் கோரும் கடிதம் உரிய வழியில் ஏறியது. உரிய வழி என்பது நத்தை வெட்கப்படும் வழி. தாளின் ஓரம் போதிய அகலம் விடவில்லையென்று ஒருமுறை திரும்பியது. மறுபடி ஏறியபோது மேல்மன்றத்துக்குக் கோடை விடுமுறை. நீதி மலைவாசத்தலத்தில் குளிர்காற்று வாங்கியது; குற்றமற்றவர் தகரக் கூரையடியில் வெந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் தினமும் நடைக்கூடத்துப் பெஞ்சில் வந்து அமர்வார். தாங்கள் பின்வாசல் வழியாக வரப் பழகினீர்கள்.

பின்னர் ஒருநாள், உரிய வழியைத் தூக்கி எறிந்துவிட்டு, வழக்குக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தேறிப் போனீர்கள். விடுமுறைக்கால அலுவலர் ஜன்னல் வழியே, “கீழ்க்கோர்ட்டா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்க தீர்ப்புல மூணாவது ஆளே கிடையாதே சார்!” என்றார்.

“தீர்ப்புல இல்ல சார். ஜெயில்ல இருக்கான்” என்றீர்கள்.

பணிவே உருவான தங்கள் வாழ்வில் தாங்கள் குரலுயர்த்தியது அந்த ஒருமுறைதான் என்று, உடன் வந்த தட்டச்சர் சாட்சி சொல்கிறார். திருத்தம் அன்று மாலையே கிடைத்தது.

தம்பி வெளியே வந்த காலையில்தான் அண்ணனைக் காவலர்கள் உள்ளே கொண்டுபோனார்கள். சிறைவாசலில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அண்ணன் தம்பியைப் பார்க்கவில்லை, தங்களைப் பார்த்து, “இந்தத் தடவையாவது நம்பர் சரியா இருக்கா சார்?” என்றார். தம்பி இன்றுவரை யாரோடும் அதிகம் பேசுவதில்லை என்று அவர் மனைவி சொல்கிறார்.

அன்றுமுதல் எந்த விடுதலைத் தீர்ப்பு வந்தாலும், குடும்பத்தாரை அழைத்து, “உங்க வீட்டுக்கு யார் வரணும்?” என்று கேட்டபின்பே ஆணை எழுதினீர்கள். எந்த விதியிலும் இல்லாத கேள்வி. “தலைமை எழுத்தரா, கல்யாணத் தரகரா?” என்று நாங்கள் சிரித்தோம். இன்று பிற்பகலும் ஓர் உறை வந்திருக்கிறது. அதைப் பிரிக்கப் பயந்து, இந்த விழா முடியட்டும் என்று காத்திருக்கிறோம்.

ஐயா! தாங்கள் நோயின்றி நெடுநாள் வாழ்க! மேலேயிருந்து தங்களுக்கும் ஒருநாள் உத்தரவு இறங்கும். அது எண் மாறி வேறொருவர் வீட்டுக்குப் போய்விடாமல், ஓரம் போதவில்லை, முத்திரை தெளிவில்லை என்று திரும்பத் திரும்ப மேலே அனுப்பப்பட்டு, உரிய வழியிலேயே ஊர்ந்து, தாங்கள் நூறைக் கடந்தபின் நிதானமாக வந்து சேரட்டும்!

இவண்,
கீழ்க் குற்றவியல் நீதிமன்ற ஊழியர்கள்

(மடலுக்குரியவர் தாங்கள்தான் என்பதைத் தங்கள் வீட்டாரிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டோம்.)