மகாராணியின் மூச்சு

மேடை ஏறும் நாளில் மதியம் ஒரு துண்டு ரொட்டியும் பச்சைத் தேநீரும்தான் எடுத்துக்கொள்வேன். வயிறு நிறைந்தால் குரல் எழும்பாது. பிறகு ஒப்பனை. அது முடிந்ததும் காய்ந்த இஸிரிக் செடியைத் தணலில் போட்டு அறை முழுக்கப் புகை காட்டுவேன். திருஷ்டி கழியும், மனமும் அடங்கும். எங்கள் கோகந்த் நகரத்தில் இதைச் செய்யாத நடிகை கிடையாது.

என்னோடு ஒரே ஒப்பனை அறையில் இருந்த முனவ்வர் எப்படித் தயாராவாள் என்பதையும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு சாவாள். கடைசிக் காட்சியில் மகாராணி விஷம் குடித்து இறக்க வேண்டும். அதை நாடகத்துக்கு முன் ஒவ்வொரு முறையும் அறைக்குள் சத்தமாக ஒத்திகை பார்ப்பாள். கோழி விக்குவது போல இருக்கும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அது என்னுடைய வேடம். அது அவளுக்குப் போன பிறகு நான் அவளிடம் விஷக் கிண்ணத்தை நீட்டும் தாதி. அதில் எனக்கு வருத்தமில்லை. கண்ணெதிரே ஒரு நல்ல சாவு கெட்டுப்போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவளுக்கு ஆஸ்துமா. நான் புகை போடும்போது ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவாள். அன்று நாடக விழாவுக்குத் தேர்வு செய்யும் குழு தாஷ்கண்டிலிருந்து வந்திருந்தது.

“அக்கா, எனக்கு நெஞ்சு ஒத்துக்காது. தெரியும்ல உங்களுக்கு?”

“எத்தனை கண்ணு இன்னிக்கு உன் மேல. இன்னிக்குப் போயி புகையை வேண்டாங்கிறியே, நல்லாவா இருக்கு?”

பயந்துவிட்டாள். சகுனம் என்று சொல்லிவிட்டால் இவர்களுக்கு மூளை நின்றுவிடும்.

“சரி, லேசாப் போடுங்கக்கா.”

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் லேசாகப் போடவில்லை. ஜன்னலையும் சாத்தினேன். இன்ஹேலர் எப்படி அவளுடைய கோட்டுப் பைக்குள் போனது என்று விசாரிக்க வந்த நீங்கள் கேட்டீர்கள். கண்ணாடியருகில்தான் அதை வைத்திருப்பாள். முன்பே எடுத்து, நடையில் தொங்கிய கோட்டில் போட்டுவிட்டேன்.

முதலில் கண்ணாடியருகே தடவினாள். பிறகு என் கையைப் பிடித்தாள். நான் கதவில் சாய்ந்து நின்றேன். மேடை நிர்வாகி துர்சூன் வெளியிலிருந்து தட்டினான்.

“என்னக்கா, மகாராணி அதுக்குள்ள சாக ஆரம்பிச்சிட்டாங்களா? வந்தவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லுங்க.”

“போடா, இன்னிக்குத்தான் நல்லா வருது.”

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

நான் பொய் சொல்லவில்லை. நன்றாகத்தான் வந்தது. தோள்கள் காதுவரை ஏறின. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. கடைசியில் சத்தமே இல்லை. சத்தம் போடாமல் சாக வேண்டும் என்று அவளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

அவளை அடக்கம் செய்த பிறகு குழு மறுபடி வந்தது. மகாராணி நான்தான். அரங்கமே எழுந்து நின்றது.

இப்போதெல்லாம் நான் புகை போடுவதில்லை. மேடை ஏறுமுன் கண்ணை மூடி, கண்ணாடியருகே தடவிய அந்தக் கையை நினைத்துக்கொள்கிறேன். அதுவே போதும். அவளிடமிருந்து நான் எதையும் பறிக்கவில்லை. சாவதற்குக் கற்றுக்கொடுத்தேன், அவ்வளவுதான்.