பேசாத தாயைப் படத்தில் சேர்த்த ஜோதிலட்சுமி அம்மாவுக்கு

காட்சிகளைக் கோத்துக் கதையாக்கிய கரங்களுக்கு உரியவரே! கத்தரிக்கும் கணினிக்கும் ஒருசேரக் கட்டளையிட்ட எங்கள் தலைமைப் படத்தொகுப்பாளரே! அன்பையும் அதட்டலையும் அளவறிந்து கலந்த ஜோதிலட்சுமி அம்மா அவர்களே! வணக்கம்.

பணி ஓய்வு பெறும் உங்களைப் புகழ்ந்தெழுத உட்கார்ந்த நாங்கள், எதைப் புகழ்வது என்று தெரியாமல் குழம்பிப்போனோம். அடுக்குமொழியால் அந்தக் குழப்பத்தை மூடினால், “இந்தத் துண்டு வேணாம், வெட்டுங்க” என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறோம்.

படச்சுருளை வெட்டி ஒட்டிய காலத்தில் பணிக்கு வந்தவர் நீங்கள். தேனாம்பேட்டையில் உள்ள நம் கூடத்துக்குத் தானே படமெடுத்துத் தானே தொகுக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தவரும் நீங்களே! யார் பேசினாலும் அவர் பக்கம் தானாகத் திரும்பும் கேமராக்கள். எடுத்தவற்றில் நல்லதைத் தேர்ந்து தானாகவே கோக்கும் கணினி.

“நம்ம பொழப்பு இன்னா ஆவறது மேடம்?” என்று கேட்டார், தொகுப்பிலும் உங்களுக்குக் கைகொடுத்துவந்த ஒளிப்பதிவாளர் செம்பியன்.

“தெரியலப்பா. வந்துடுச்சு, வெச்சுப் பாப்போம்” என்றீர்கள். நீங்கள் எங்கள் பக்கமா, இயந்திரத்தின் பக்கமா? அன்றைக்கே எங்களுக்குப் புரியவில்லை.

பிறகுதான் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் சொர்ணத்தின் மகள் சிந்துவின் திருமணத்தைப் படமாக்கும் வேலை வந்தது. இயந்திரமே எடுத்து, இயந்திரமே தொகுத்த படம் பளிச்சென்று இருந்தது. எங்களில் ஒருவரும் குறை காணவில்லை. ஆனால் படத்தைப் பார்த்த சிந்து, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே இங்கே வந்து நின்றார்.

“இன்னா மேடம், படம் ஃபுல்லா தேடிட்டேன், எங்கம்மா எங்க கீது? நைனா இல்லாம என்ன வளத்ததே அதான். என் கல்யாணத்துக்கு அது வரவே இல்லியா?”

சொர்ணம் வாய் பேச இயலாதவர். குரல் வந்த திசையெல்லாம் திரும்பிய கேமராக்கள், குரல் எழுப்பாத அவர் பக்கம் திரும்பவே இல்லை.

இயந்திரத்தை மூட்டைகட்டி அனுப்பிவிடுவீர்கள் என்று செம்பியன் ஆவலோடு காத்திருந்தார். நீங்களோ சொர்ணத்தின் முகத்தைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றி, அந்த முகத்தைத் திருமண மண்டபத்தில் எடுத்த காட்சிகளெங்கும் தேடச் சொன்னீர்கள். மண்டபம் முழுவதையும் பார்த்து அசையாமல் நின்ற ஒற்றைக் கேமராவின் காட்சிகளிலிருந்து அது தாயைத் தேடி எடுத்தது! பந்தியில் சாம்பார் வாளியோடு சொர்ணம். மணப்பெண்ணின் கூந்தலில் பூவைச் சரிசெய்யும் சொர்ணம். நாங்கள் கண்ணால் தேடியிருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ! தொலைத்ததும் அது, தேடித் தந்ததும் அது. யாரைத் திட்டுவது, யாருக்கு நன்றி சொல்வது?

சிரித்த முகங்களையெல்லாம் முன்னால் வைத்த கணினி, ஒரு காட்சியை மட்டும் பயனற்றது என்று ஒதுக்கியிருந்தது. தாலி கட்டும் நேரம். எல்லோரும் மேடையைப் பார்த்திருக்க, சொர்ணம் மட்டும் முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறார். அதைக் கண்டதும், எங்களோடு உட்கார்ந்து பார்த்த சொர்ணம் திரையைத் தொட்டார்; பிறகு தம் நெஞ்சைத் தொட்டார்.

“இன்னாம்மா, மூஞ்சியே தெர்லியே!” என்றார் சிந்து.

தாய் தலையசைத்து மறுத்து, அதே காட்சியை மீண்டும் தொட்டார்.

நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அம்மா! கெட்டிமேளத்துக்கு நடுவே அந்த முதுகை வைத்தீர்கள். அது திரையில் இருக்கும்வரை மேளத்தை அடக்கினீர்கள். அதைப் பார்த்த சிந்து தாயைக் கட்டிக்கொண்டு அழுதார். செம்பியன் எழுந்து வெளியே போய்விட்டார்.

“அந்த முதுகுல என்ன இருக்கு மேடம்?” என்று பிறகு கேட்டோம்.

“எனக்கும் தெரியல. அவங்களுக்குத் தெரியும் இல்ல?” என்றீர்கள்.

அத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர், தெரியவில்லை என்பதை இவ்வளவு எளிதாகச் சொன்னால் நாங்கள் என்ன செய்வோம்? நாளை முதல் உங்கள் இருக்கையில் செம்பியன் அமர்வார். பக்கத்தில் கணினியும் இருக்கும். எதை அதனிடம் விடுவது, எதைக் கையில் வைப்பது என்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடையாற்று இல்லத்தில் அயர்வின்றி, அவசரமின்றி, மருந்துக்கடை வாசல் மிதிக்காத உடல்நலத்தோடு நெடுங்காலம் வாழ்க, அம்மா! விடை தெரியாமலேயே உங்களுக்கு விடை தருகிறோம்.

கலங்கிய கண்களோடும் கலையாத குழப்பத்தோடும்,
படத்தொகுப்புக் கூட ஊழியர்கள்,
தேனாம்பேட்டை, சென்னை.