கம்பியை விட்ட கை

பெயர் குணசுந்தரி, வயது 61, கணவர் காலஞ்சென்ற அருணாச்சலம், 12, பிள்ளையார் கோயில் தெரு, ஆரணி.

நான் மேற்கண்ட விலாசத்தில் தனியாக வசித்து வருகிறேன். பள்ளி ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் இயற்பியல் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கண்டக்டர் சக்கரவர்த்தி என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் டீச்சர் இல்லை என்று அவரிடம் சொன்னதில்லை. அப்படிக் கூப்பிட வேறு யாரும் இல்லாததால் விட்டுவிட்டேன்.

தினமும் காலை டவுன் பஸ்ஸில் பெரணமல்லூர் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். அங்கே என்ன வேலை என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் ஐயா கேட்டதற்கு, ஒரு வேலையும் இல்லை, பெண்களுக்கு டிக்கெட் இலவசம், பஸ்ஸில் நாலு பேர் பேசுவார்கள், வீட்டில் சுவர்தான் பேச வேண்டும் என்று சொன்னேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண்ணுக்கு என் சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றேன். அதன் பிறகு கண்டக்டர், "கம்பிய கெட்டியா புடிச்சிகினு நில்லுங்க டீச்சர், நீங்க வுழுந்தா எங்க பொழப்பு பேஜாராயிடும்" என்றார். அதன் பிறகு ரைஸ் மில் திருப்பத்தில் கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே ஓடி வர, டிரைவர் பிரேக் போட்டார், நான் முன்னால் போய் விழுந்தேன், வலது மணிக்கட்டு முறிந்தது.

கண்டக்டர் என்னைத் தள்ளியதாகப் புனேயில் இருக்கும் என் மகன் கோகுல்ராஜ் ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறான். கண்டக்டரின் கை என் முதுகில் இருந்ததாகக் கைக்குழந்தையோடு வந்த அந்தப் பெண் அவனிடம் போனில் சொன்னாளாம். கை இருந்தது உண்மை. பிடிக்கத்தான் நீட்டினார், என் ஜாக்கெட் கிழிந்து அவர் கையோடு போனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒரு வாரமாக அவருக்கு வேலை இல்லை.

ஆய்வகத்தில் தள்ளுவண்டி மேல் மரக்கட்டையை வைத்து ஓட விடுவோம். வண்டி தடுப்பில் முட்டி நிற்கும், கட்டை நிற்காது, போன வேகத்திலேயே போய்க் கீழே விழும். கட்டையை யாரும் தள்ளுவதில்லை. வருஷா வருஷம் குனிந்து பொறுக்கியவள் நான், எனக்குத் தெரியாதா? அன்று பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் முன்னால் சாய்ந்தார்கள், அத்தனை பேரையும் ஒரு கண்டக்டர் தள்ள முடியுமா? என்னை நிறுத்த வேண்டியது கம்பி. கம்பியை நான் விட்டுவிட்டேன்.

ஏன் விட்டீர்கள் என்று ஐயா கேட்டார். சொல்ல மனம் வரவில்லை. அதன் பிறகு சொன்னேன். போன் எப்போதும் என் இடது கையில் இருக்கும். அது அடித்தது. நாற்பத்தொரு நாள் கழித்து என் மகன் கூப்பிட்டான். உடனே எடுக்காவிட்டால் வைத்துவிடுவானே என்று வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்து பட்டனை அழுத்தினேன். "அம்மா" என்றான், அவ்வளவுதான் கேட்டது. கீழே விழுந்த போனை எடுத்து அவனிடம் பேசியது அந்தப் பெண்தான்.

புகாருக்குப் பிறகு தினமும் கூப்பிடுகிறான். "அவன்தான் தள்னான்னு சொல்லும்மா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்கிறான். வேறு பேச்சு இல்லை. புகார் போனால் போனும் நின்றுவிடும் என்று பயந்துதான் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அது தப்பு. சக்கரவர்த்தி மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதன் நகல் மகனுக்குப் போகும் என்று ஐயா சொன்னார். போகட்டும். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: கட்டுப் பிரித்ததும் பழையபடி பஸ்ஸில் போவேன், இனி உட்கார்ந்தே போவேன், அவன் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

படித்துக் காட்டக் கேட்டேன், சொன்னது சொன்னபடி இருக்கிறது, கூட்டியதும் குறைத்ததும் இல்லை. வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை.

(ரேகை) குணசுந்தரி