வழுக்கினால் உள்ளே, கீறினால் வெளியே

இந்த மேஜையைக் கடைசியாகத் துடைத்தவர் ஈரத் துணியோடு நிறுத்திவிட்டார். காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்திருந்தால் இந்த வெள்ளைக் கோடுகள் விழுந்திருக்காது. குறை சொல்வதாக நினைக்காதீர்கள் சார். மருத்துவமனையில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, கொதிநீராவியில் வைத்து, உறையிட்டுக் கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். கண் தானாக அங்கேதான் போகிறது.

சுரங்கத்துச் சுவரை ஏன் கழுவினீர்கள் என்று கேட்டீர்கள். அழுக்காக இருந்தது, கழுவினேன். அதோடு விடமாட்டீர்கள் என்று தெரியும். அந்த நேரத்தில் என் தங்கையும், அவள் கணவரும், அவர் கூட்டிப்போன ஆட்களும் உள்ளே இருந்தார்களே என்பீர்கள். இருந்தார்கள். முறையாகவே சொல்கிறேன்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கல் சுரங்கத்துக்குள் நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். குன்றின் பக்கவாட்டில் குடைந்து, கூரை விழாமலிருக்க இடையிடையே தூண்களை விட்டுவிட்டு, அறைக்குப் பின் அறையாகக் கல்லெடுத்திருக்கிறார்கள். எந்தச் சந்தில் நின்று பார்த்தாலும் நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கல் வெளிர் நிறம், மிகவும் மென்மை. ஈரக் கையால் தொட்டால் மாவு ஒட்டுவதுபோல் ஒட்டும். கம்பெனி மூடிவிட்டுப் போன பிறகு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நானும் தங்கையும்தான் போவோம். எங்கள் வீட்டில் அப்பா அம்மா போடும் சண்டையைவிட அங்கே இருந்த அமைதி எங்களுக்குப் பிடித்திருந்தது.

அங்கே அம்புக்குறி தேவையில்லை. சுவரே வழி சொல்லும். வேலையாட்கள் உள்நோக்கி வெட்டிக்கொண்டே போனவர்கள், ஆகவே கொத்திய வரிகள் எல்லாம் உட்பக்கம் சாய்ந்திருக்கும். மீன் செதிலைத் தடவுவதுபோலத்தான். ஒரு பக்கம் தடவினால் விரல் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் கீறும். கீறுகிற பக்கமாக நடந்தால் வாசல் வந்துவிடும். விளக்கு அணைந்தாலும் பயமில்லை. இதை நான்தான் கண்டுபிடித்து அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். "வழுக்கினால் உள்ளே, கீறினால் வெளியே" என்று அவள் அதைப் பாட்டாகவே பாடுவாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் என்னை முந்திக்கொண்டு வெளியே வந்து நிற்பாள்.

வாசலிலிருந்து மூன்று சந்து தாண்டி ஒரு தடித்த தூண் உண்டு. அதில் எந்தக் காலத்து வேலையாளோ விளக்குப் புகையாலேயே ஒரு நாய் வரைந்திருக்கிறான். சுருண்டு படுத்துத் தூங்கும் நாய். ஓவியம் கற்றவன் கை இல்லை அது. ஆனால் அந்த நாய் மூச்சு விடுவதுபோல இருக்கும். நாங்கள் அதைத் தொட்டதே இல்லை.

பிறகு தங்கைக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை எங்கள் வீட்டின் கீழ்த் தளத்திலேயே குடியேறினார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அடிக்கவில்லை, குடிக்கவில்லை. ஆனால் சார், பொதுவான கை கழுவும் தொட்டியில் தினமும் காலையில் தொண்டையைக் காறி, பாதி கழுவி, பாதியை விட்டுவிட்டுப் போவார். நகத்தை வெட்டிப் படிக்கட்டில் உதிர்ப்பார். எச்சில் தொட்டுத்தான் எந்தத் தாளையும் புரட்டுவார். நான் முகம் சுளித்தால், "மச்சான், நீங்க ஆஸ்பத்திரியிலயே பொறந்து வளர்ந்தீங்களா?" என்று தோளில் தட்டுவார். அந்தக் கையால்தான் தட்டுவார். நான் மேலே போய்ச் சட்டையை மாற்றுவேன். ரத்தம், சீழ் எதுவும் என்னை ஒன்றும் செய்யாது, அது என் வேலை. இந்த மனிதரின் ஈரத்தைத்தான் என்னால் தாங்க முடியாது.

சுரங்கத்தைப் பற்றி அவரிடம் சொன்னது தங்கைதான். அதற்கு நான் அவளை மன்னித்துவிட்டேன். அவர் உடனே அதைப் பிழைப்பாக்கினார். விடுமுறை நாட்களில் வேனில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் இருட்டைக் காட்டுவார். அவர்கள் அவரைக் "கேப்டன்" என்று கூப்பிடுவார்கள். கேப்டனின் ஆட்கள் பிஸ்கட் உறைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் போட்டார்கள். தூண்களின் மேல் சிறுநீர் கழித்தார்கள். மென்மையான கல், எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே நுழைந்தாலே கழிப்பறை நெடி குப்பென்று அடிக்கும். நான் விடுப்பெடுத்துக்கொண்டு போய் மூட்டை மூட்டையாக வாரிக்கொண்டு வருவேன். யாரும் கேட்டதில்லை, யாரிடமும் நான் சொன்னதுமில்லை.

வழி தவறாமலிருக்க ஒவ்வொரு சந்திலும் ஸ்பிரே பெயின்டால் ஆரஞ்சு நிறத்தில் அம்புக்குறி போட்டு வைத்தார். எல்லா அம்பும் வாசலைக் காட்டும். கீழே ஒழுகி, மூக்குச் சளிபோல் வழிந்து காய்ந்திருக்கும். சுவரைத் தடவினாலே வழி தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். "சுவத்தைத் தடவிக்கிட்டே போறதுக்கா ஆளுங்க வர்றாங்க?" என்றார். காது கொடுத்துக் கேட்கவில்லை.

ஒரு நாள் போய்ப் பார்த்தால் நாயின் மேலேயே அம்பு போட்டிருந்தார். அன்று மாலை படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன்.

"அந்த நாய்க்கு வால் இல்லையேன்னு பார்த்தேன் மச்சான். வச்சு விட்டுட்டேன்."

தங்கை சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், இருந்தாலும் சிரித்தாள். "விடுண்ணா, கரித்தூள்தானே அது" என்றாள். பிறகு விரலில் எச்சில் தொட்டுக் கையிலிருந்த வாரப் பத்திரிகையைப் புரட்டினாள். அவரைப் போலவே. எனக்கு அப்போது வந்தது கோபம் இல்லை. சாப்பாட்டில் முடி கிடந்தால் வருமே, அது.

அந்த விடுமுறைக் காலையில் வேன் கிளம்பிய சத்தம் கேட்டது. நானும் வாளி, கம்பி பிரஷ், டைல்ஸ் கழுவும் ஆசிட், கையுறை எல்லாம் எடுத்துக்கொண்டு பேருந்தில் போனேன். தங்கை அன்று உடன் போனது எனக்குத் தெரியாது என்று முதலில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். வேனின் முன் சீட்டில் அவளுடைய கைப்பை இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த பை. அதன் மேல் அவர் சாப்பிட்டுவிட்டுப் போட்ட ஆரஞ்சுத் தோல் கிடந்தது. தோலை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

நாயிருந்த தூணில்தான் ஆரம்பித்தேன். பெயின்ட் கல்லுக்குள் ஊறியிருந்ததால் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. ஆரஞ்சு போனபோது நாயும் போய்விட்டது. அது அவரால் வந்த நஷ்டம். பிறகு அடுத்த சந்து, அதற்கடுத்த சந்து. அம்பு இருந்த இடம் மட்டும் திட்டாகத் தெரியக் கூடாதென்று, சந்தின் எல்லாப் பக்கச் சுவரையும் தரையிலிருந்து கையெட்டும் உயரம் வரை தேய்த்தேன். வெள்ளை மாவு முழங்கை வரை வழிந்தது. ஒரு அம்பைக் கழுவிவிட்டு அடுத்ததை விட்டால் கழுவிய இடமே அசிங்கமாகத் தெரியும். வேலை செய்கிறவர்களுக்கு இது புரியும். அவர்கள் திரும்பி வரும் நேரத்தை நான் கணக்கிடவில்லை. யாரையும் அடைத்து வைக்கவில்லை. கதவில்லை, பூட்டில்லை. வழி இருந்த இடத்திலேயே இருந்தது.

உள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்தபோது வாளியைக் கீழே வைத்தேன். அவர்கள் வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள், அது வாடிக்கையாளர். அப்புறம் தங்கையின் குரல்.

"அண்ணா? நீதானே? அந்தத் தேய்க்கிற சத்தம் உன் சத்தம்தான், எனக்குத் தெரியாதா? எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லேன்."

நான் விளக்கை அணைத்தேன்.

"மச்சான், விளையாடாதீங்க. பெயின்ட்தானே? நானே வந்து கழுவித் தர்றேன். சத்தியமா கழுவித் தர்றேன்." மாப்பிள்ளை ஒன்றைக் கழுவித் தருவதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பேசாமல் நின்றேன். கல்லுக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க முடியாது. அவர்கள் வேறு பக்கம் போனார்கள். தங்கை மட்டும் கொஞ்ச நேரம் அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். குரல் தேய்ந்து நின்றது. அவளுக்குத்தான் வழி தெரியுமே, நான் கற்றுக்கொடுத்ததுதானே, சுவரைத் தொட்டால் போதுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரோடு பழகிப் பழகி அவள் அதை மறந்திருந்தால் அது என் தப்பா? ஒரு முறை இருட்டில் பயந்து, சுவரைத் தொட்டு, தானே வெளியே வரட்டும் என்று நினைத்தேன். வந்தால் பழைய தங்கையாக வருவாள். இதுதான் சார் காரணம். வேறு காரணமில்லை.

விளக்கைப் போட்டு, மிச்சமிருந்த அம்புகளையும் வாசல் வரை கழுவிக்கொண்டே வந்தேன். வெளியே நல்ல வெயில். பிரஷை அலசி உதறிக் காயவைத்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவும் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் காலையில் அது நான் விட்டபடியே, பளிச்சென்று இருந்தது. அதற்கடுத்த நாளும். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்து, வேன் அங்கேயே நிற்பதைப் பார்த்து யாரோ தகவல் சொல்லி, நீங்கள் என்னிடம் வந்து உள்ளே உங்களுக்குப் பழக்கமாமே என்று கேட்டீர்கள். சின்ன வயதில் போனது, எல்லாம் மறந்துவிட்டது என்றேன். உங்கள் மீட்புக் குழுவினர் தொழில் தெரிந்தவர்கள். சுவரில் கை வைக்காமல் நூல் கட்டிக்கொண்டு போனார்கள். பார்க்கவே மனதுக்கு இதமாக இருந்தது. எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். யாரும் நடந்து வரவில்லை.

நேற்றுவரை நான் தெளிவாகத்தான் இருந்தேன். அவள் மறந்துவிட்டாள், மறக்கடித்தது அவர் என்று. பிறகு நீங்கள் அந்தப் புகைப்படத்தை இந்த மேஜையில் வைத்தீர்கள்.

நாயிருந்த தூண். நான் தேய்த்த இடம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. கொத்திய வரி ஒன்றுகூட இல்லை. கம்பி பிரஷ் பெயின்டோடு சேர்த்து அதையும் எடுத்திருக்கிறது. மென்மையான கல் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கே முதலில் சொன்னேன். எல்லாச் சந்திலும் அப்படித்தான் என்று உங்கள் குழுவினர் சொன்னார்களாம். அந்த ஈர மாவின் மேல் விரல் தடங்கள். இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பு. திரும்பவும், திரும்பவும். எல்லாப் பக்கமும் வழுக்கியிருக்கும். முதலில் அவள் தோள் உயரத்தில் இருக்கின்றன, பிறகு இடுப்பு உயரத்தில், பிறகு தரைக்குப் பக்கத்தில். கடைசியில் இருப்பவற்றில் ரத்தமும் கலந்திருக்கிறது.

அவள் மறக்கவில்லை சார். ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் எல்லாரையும் நான்தான் கொன்றேன், தங்கையையும் சேர்த்து. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

அதற்கு முன் ஒரே ஒரு உதவி. ராத்திரியெல்லாம் அந்தத் தூண்தான் கண்ணிலேயே நிற்கிறது. யாராவது கூடவே காவலுக்கு வரட்டும். அந்த விரல் தடங்களை மட்டும் நான் போய்த் துடைத்துவிட்டு வந்துவிடுகிறேன். கழுவிய சுவர் அது. பிரஷ் வேண்டாம், ஒரு ஈரத் துணியும் ஒரு காய்ந்த துணியும் இருந்தால் போதும்.