சன்னலுக்கு வெளியே நின்று வாசிக்கும் வாழ்த்து

காய்ச்சலைக் கதவருகே நிறுத்திய காவலே! காற்றுக்கு வழிவிட்ட கருணையே! எங்கள் முதியோர் இல்லத்தின் தலைமைச் செவிலியரே! முதுகுக்குப் பின்னால் நாங்கள் "ஜன்னல் சிஸ்டர்" என்று அழைத்ததைத் தெரிந்தும் தெரியாததுபோல் நடந்துகொண்ட பெருந்தகையே! பணி ஓய்வு பெறும் உங்களுக்கு ஊழியர் அனைவரின் அன்பு வணக்கம்!

இம்மடலை எழுதியவனும் வாசிப்பவனும் சமையல்காரனாகிய நான். காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல் விடவில்லை. ஆகவே முகக்கவசத்தோடு தோட்டத்தில் தள்ளி நின்று, நீங்கள் திறந்து வைத்த சன்னல் வழியே வாசிக்கிறேன். "வீட்டுல கெடக்காம இங்க என்னப்பா வேலை?" என்று நீங்கள் முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. இன்றொரு நாள் பொறுத்தருளுங்கள்.

சமையலறைக்குள் நுழைந்தால் நீங்கள் முதலில் பார்ப்பது பாத்திரத்தை அல்ல, என் நகங்களை! சோப்பைத் தொட்டுவிட்டுக் கையைத் தண்ணீரில் காட்டினால், "கையக் கழுவச் சொன்னா சோப்புக்கு வணக்கம் வச்சுட்டு வர்றியே!" என்பீர்கள். தும்மல் வந்தால் உள்ளங்கையில் ஏந்தாமல் முழங்கை மடிப்பில் அடக்கப் பழக்கினீர்கள். காற்றோடட்டும் என்று விடிந்ததும் எல்லா அறைச் சன்னல்களையும் திறக்க வைத்தீர்கள். சளிக்காய்ச்சல் பருவம் தொடங்குமுன்னே ஆண்டுதோறும் எங்களை வரிசையில் நிறுத்தித் தடுப்பூசி போட்டீர்கள். வாட்டசாட்டமான காவலாளி ஊசியைக் கண்டு குழந்தைபோல் கண்ணை மூடியபோது நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் கூடத்தில் நிற்கிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தவரை வாசலிலேயே மறித்து, "காய்ச்சலோட வேலைக்கு வர்றது கடமை இல்லப்பா, விநியோகம்!" என்று திருப்பி அனுப்பினீர்கள். உங்களைக் கல்நெஞ்சக்காரி என்றுகூடப் பேசினோம்.

அந்தப் பேச்சு அடங்கியது, முன்னாளில் தபால்காரராக இருந்து இங்கே வந்து தங்கிய தபால்கார ஐயாவால். உற்றார் ஒருவரும் இல்லாத அந்தப் பெரியவர், மாலையில் நீங்கள் வீட்டுக்குக் கிளம்புமுன் உங்கள் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருப்பார். அவருக்கு அதுதான் அன்றைய தபால். அவருடைய இதயம் தளர்ந்து படுத்த படுக்கையான வேளையில், ஊருக்கெல்லாம் உபதேசம் சொன்ன உங்களையே காய்ச்சல் பிடித்தது. சட்டம் போட்டவர் சட்டத்தை மீறவில்லை. அறைக்குள் போகாமல், மூடிய சன்னல் கண்ணாடிக்கு அப்பால் இதே தோட்டத்தில் நின்றீர்கள்.

"உள்ள வாம்மா" என்றார் ஐயா.

"இன்னும் ரெண்டு நாள் பொறுங்க ஐயா. வந்து கையப் பிடிச்சுக்கிறேன்" என்றீர்கள்.

அவர் பொறுக்கவில்லை. மறுநாளே போய்விட்டார்.

உடல் தேறித் திரும்பி வந்தபோது குழாயடியில் வெகுநேரம் கை கழுவினீர்கள். பிறகு அந்த வெற்று அறைக்குள் போய்ச் சன்னலைத் திறந்துவிட்டு நின்றீர்கள். உங்களிடமிருந்து இங்குள்ள ஒரு முதியவருக்கும் காய்ச்சல் தொற்றவில்லை என்பதை மட்டும் எல்லோரும் அறிந்திருந்தோம். உங்களிடம் இல்லாதது இரக்கமல்ல, அவசரம் என்பதும் அன்றுதான் விளங்கியது.

நாளை முதல் விடிந்ததும் சன்னல் திறக்க எங்களுக்குக் கை இருக்கிறது. திறக்காவிட்டால் திட்ட உங்கள் குரல் இருக்காது. அதை நினைத்தாலே மூக்கை உறிஞ்சுகிறேன். இது சளியால் அல்ல, சிஸ்டர்.

உள்ளே இருப்பவர்கள் உங்கள் கையைப் பிடித்து விடை கொடுப்பார்கள். எனக்கும் அந்த ஆசை நெஞ்சு முட்ட இருக்கிறது. இருமல் ஓயட்டும். உங்கள் வீட்டுக்கு வருவேன். வெளிக்குழாயில், சோப்புக்கு வணக்கம் வைக்காமல், நகக்கண் வரை தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே வருவேன். அதுவரையும் அதன் பிறகு நெடுங்காலமும் நோயின்றி நன்றாக இருங்கள். நன்றாகத் தூங்குங்கள், இனியாவது வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நான் வருவேன் சிஸ்டர். தபால்கார ஐயாவைப் போல் அவசரப்படாமல், நீங்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

கழுவிய கைகளைக் கூப்பி,
இல்லத்தின் ஊழியர்கள்,
அவர்களுக்காகச் சன்னலுக்கு வெளியே சமையல்காரன்